பன்னீர் திராட்சை வாசனை

எங்கள் வீட்டில் மூக்குக்கு வேலை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் சாத்தார வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் நான்கு குடித்தனங்களுக்குப் பொதுவான கொல்லை. கூடம் முழுக்கப் பூவாகத்தான் இருக்கும். ஈரச் சாக்கின்மேல் சம்பங்கி, பேசினில் ஊறும் வாழைநார், சுவரோரம் மரிக்கொழுந்துக் கட்டு, கூடையில் துளசி. அம்மா நடுவில் உட்கார்ந்து கட்டுவாள். அப்பா தெற்கு வாசல் பக்கம் இருந்த எங்கள் சின்ன மாலைக் கடைக்கு அவற்றை எடுத்துப் போவார்.

சாமிக்குப் போகிற பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. முகர்ந்துவிட்டால் அது எச்சில் பூ. இதுதான் எனக்குத் தெரிந்த முதல் சட்டம். பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு அது வந்துவிட்டதாம். ஆனாலும் என் மூக்கு சும்மா இருக்காது. சம்பங்கிக் குவியலைத் தாண்டும்போது தலை தானாகக் கொஞ்சம் குனியும். குனிந்த வேகத்தில் அம்மாவின் ஈர விரல் வந்து மூக்கு நுனியைச் சுண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு கையால் என் மூக்கைச் சுண்டிவிட்டு மறுகையால் நாரை விடாமல் பிடித்திருப்பாள், அந்த வித்தை வேறு யாருக்கும் வராது.

அம்மாவும் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவள்தான். சின்ன வயதில் அவள் மூக்கையும் யாரோ சுண்டியிருக்கிறார்கள். பழகிப் பழகி, மூக்கு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சாம்பார் அடிப்பிடித்துப் புகை கண்ணைக் கரித்த பிறகுதான் எழுந்து ஓடுவாள். பால் திரிந்ததா என்று தெரிந்துகொள்ள நாக்கில் விட்டுப் பார்ப்பாள். அது ஒரு குறை என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. பூக்காரர் வீட்டில் அது நல்ல வளர்ப்பு.

அப்பாவின் கால் கதை சித்திரை மாதத்தில் தொடங்கியது. பூக்கூடை தூக்குகிறவர்கள் செருப்புப் போடக் கூடாது என்பது எங்கள் இரண்டாவது சட்டம். கோயிலுக்குள்ளே கல் பாவிய வெளியில் மத்தியான வெயிலில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். ஊரே அதில் தவளை மாதிரி குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடும். நானும் ஓடுவேன். அப்பா மட்டும் தோளில் கூடையோடு, ஏசி அறையில் உலாவுகிறவர்போல நிதானமாக வருவார். பார்த்தவர்கள் கைகூப்பினார்கள். பெருமாள் மேல் அப்படி ஒரு பக்தி, சூடுகூடத் தெரியவில்லை பாருங்கள் என்றார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் பெருமையாக இருந்தாள். அது பக்தி இல்லை, சர்க்கரை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்து தோல் உரிந்து தொங்கியபோதும் அப்பாவுக்கு வலிக்கவில்லை. வலிக்காத புண்ணை யார் புண் என்று நினைப்பார்கள்? மஞ்சள் குழைத்துப் போட்டார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள். ஆடியில் அது குழிந்தது. ஆவணியில் சுண்டு விரல் கறுத்துப்போய், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். விரல் போன இடத்துக்குக் கீழே பாதத்தில் ஒரு குழி நின்றது. எலுமிச்சம்பழம் ஒன்று கொள்ளும்.

டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவரு காலைத் தரையில ஊனவே கூடாது. தினம் கட்டு மாத்தணும். சர்க்கரை ஏறக் கூடாது. இந்தப் புண் மூடிருச்சுன்னா கால் தப்பிச்சுது. உள்ள எலும்புக்குப் போயிருச்சுன்னா எடுக்க வேண்டியதுதான்." கால் அப்பாவுடையது. அவரும் பக்கத்தில்தான் படுத்திருந்தார். இருந்தும் டாக்டர் இதையெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கால் அம்மாவுடையதாகிவிட்டது.

வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார், குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கும். கட்டை எப்படிப் பிரிப்பது, சலைன் தண்ணீரை எப்படி ஊற்றுவது, காஸ் துணியை எப்படிக் குழிக்குள் வைப்பது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம்.

"கட்டைப் பிரிச்ச உடனே மோந்து பாருங்க. நாத்தம் அடிச்சா செவ்வாக்கிழமை வரட்டும்னு காத்திருக்காதீங்க. அப்பவே ஓடி வந்துருங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மூக்கு அவ்வளவா பிடிபடாதுங்க," என்றாள்.

"பூக்காரம்மாவுக்கா?" என்று சிஸ்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அந்தப் பார்வையிலேயே எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

இவ்வளவு நாள் சுண்டு வாங்கிய மூக்குக்கு வந்த மரியாதையை என்னவென்று சொல்வது! காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்பு அப்பாவின் கட்டிலருகே போய் நிற்பேன். அம்மா கட்டைப் பிரிப்பாள். "ம்" என்பாள். நான் குனிந்து முகர்ந்துவிட்டு, "மருந்து வாசனை" என்பேன். அல்லது "ஒண்ணும் இல்லம்மா" என்பேன். அம்மா மூச்சை விடுவாள். நான் சொல்லும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. வகுப்பில் லீடர் ஆனதுபோல ஒரு நடை எனக்கு வந்துவிட்டது.

அம்மாவின் நாள் எப்படிப் போனது என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அப்பா போய்க்கொண்டிருந்த பூச்சந்தைக்கு இப்போது அவள் போனாள். இருட்டோடு போய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். வந்து அப்பாவுக்கு ஊசி போட்டு, அவருக்குத் தனியாகக் கோதுமை ரவை கிண்டி, எனக்குச் சாதம் வடித்து, கட்டு மாற்றி, உட்கார்ந்து பூக்கட்டி, கடைக்கு எடுத்துப் போய், நடுவில் ஓடிவந்து அப்பாவைக் கொல்லைக்குக் கூட்டிப் போவாள். அப்பா நல்ல ஆகிருதி. அம்மா அவர் தோளுக்குக் கீழே இருப்பாள். அவர் முழு எடையையும் தன்மேல் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வருவார். மற்ற குடித்தனக்காரர்கள் வாளியை நகர்த்தி வழி விடுவார்கள். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தை வாளியை நகர்த்தியவர்கள்மேல் காட்ட முடியாது. அம்மாமேல் காட்டினார். மெதுவாகப் பிடித்தால் "சோறு திங்கலையா?" என்பார். இறுக்கிப் பிடித்தால் "கொல்லப் பாக்குறியாடி?" என்பார்.

அம்மா கடையில் இருக்கும் நேரத்தில் அவர் காலை ஊன்றி நடந்தார். தடுக்க ஆளில்லை. தண்ணீர் குடிக்க, ஜன்னலைத் திறக்க, சும்மா தெருவைப் பார்க்க. வலி இல்லையே, பிறகு என்ன? அம்மா திரும்பி வரும்போது சிமெண்டுத் தரையில் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். அவள் துணியை நனைத்துத் துடைப்பாள். அப்பா கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பார். ஒரு வாரமாக மேலேறி வந்திருந்த சதை மறுபடியும் கரைந்திருக்கும். புதிதாகத் தொடங்க வேண்டும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிஸ்கட் பாக்கெட்டையும் ஒரு யோசனையையும் கொண்டுவந்தார்கள். பிஸ்கட்டை அப்பா சாப்பிடக் கூடாது, யோசனையை அம்மா கேட்க வேண்டும். ஒருவர் பாகற்காய்ச் சாறு என்றார். ஒருவர் சோற்றை நிறுத்து என்றார், ஒருவர் சோற்றை நிறுத்தியதால்தான் இப்படி என்றார். உப்பிலியபுரத்தில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். "பச்சைமலையில தழை கிடைக்குது, அரைச்சு வச்சுக் கட்டுன்னா கேக்க மாட்டேங்குறா. இங்கிலீசு மருந்துல எந்தப் புண்ணு ஆறிச்சு?" என்பாள். ஸ்பீக்கரில் போட்டு அப்பா அதை எங்களுக்கும் கேட்க வைப்பார். வந்தவர்களும் போன் செய்தவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். புண் ஆறவில்லை என்றால் பார்த்துக்கொள்கிறவள் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை ஒருவாரம் விட்டு ஒருவாரம் ஆஸ்பத்திரி. போகும்போது அப்பாவுக்காக ஆட்டோ. சீட்டுப் போட்டுவிட்டு, கூட்டம் குறையும்வரை அவரை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அம்மா நார் வாங்கவும் நூல் வாங்கவும் காந்தி மார்க்கெட் பக்கம் போய் வருவாள். லீவு நாளென்றால் நானும் போவேன். ஒருமுறை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே அம்மா தூங்கிவிட்டாள். கையில் பை இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டும் அவள் விழிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொரு நாள் கொல்லைக் குழாயடியில் அப்பாவின் பேண்டேஜ் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் என்னமோ பேசுகிறாளே என்று பக்கத்தில் போனேன். "என்னால முடியலயே, என்னால முடியலயே," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. சாதாரணமாக, குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மார்கழி வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு அது தலைக்கு மேல் வேலை வரும் மாதம். எந்தப் பூவைக் கட்டினாலும் விற்றுப்போகும், எவ்வளவு கட்டினாலும் போதாது. கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் துளசியும் மரிக்கொழுந்தும் குவிந்தன. அப்பாவின் கட்டிலடியில்கூடக் கூடைகள். அம்மாவின் விரல்கள் நகக்கண் வரை பச்சையாகிவிட்டன. சோறு பிசைந்தால் சோற்றிலும் பச்சை.

அப்படி ஒரு காலையில் அம்மா கட்டைப் பிரித்தாள். நான் குனிந்தேன். இதுவரை வராத ஒரு வாசனை வந்தது. மருந்து இல்லை, பூவும் இல்லை. இனிப்பாக, கொஞ்சம் புளிப்பாக, எனக்கு மிகவும் தெரிந்த ஒன்று. காந்தி மார்க்கெட்டில் பழ மண்டி ஓரமாக நடக்கும்போது கூடை கூடையாக அடிக்கிற அதே வாசனை.

"பன்னீர் திராட்சை வாசனை வருதும்மா," என்றேன்.

அம்மா காலை மெதுவாகத் தலையணைமேல் வைத்தாள். பிறகு எழுந்து நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "திராட்சை தின்னீங்களா? யாரு வாங்கிக் குடுத்தா? சொல்லுங்க!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அப்பாவே மிரண்டுவிட்டார். "சாமி சத்தியமா இல்லடி!" என்றார். அவர் சத்தியத்தை நம்ப அம்மா தயாராக இல்லை. ஏற்கெனவே ஒருமுறை அவர் தலையணை உறைக்குள் லட்டு கண்டெடுத்தவள் அவள். பாயை உதறினாள், கட்டிலுக்கடியில் குனிந்து கூடைகளை இழுத்துப் போட்டாள், ஜன்னல் மாடத்தில் தேடினாள், சாமி படத்துக்குப் பின்னால்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு கொட்டை கிடைக்கவில்லை. கடைசியாக என்னை அப்பாவின் வாயை முகரச் சொன்னாள். அப்பா ஒரு குழந்தை மாதிரி ஆவென்று வாயைத் திறந்தார். பல்பொடி வாசனைதான் வந்தது. மறுபடி காலுக்கு வந்தேன். திராட்சைதான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாத்தம் வந்தாத்தானே ஓடி வரச் சொன்னாங்க," என்று தனக்குத்தானே சொன்னாள். "இது நல்ல வாசனையால்ல இருக்கு." பிறகு என்னைத் திரும்பவும் கேட்டாள், நான் திரும்பவும் சொன்னேன். அவள் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. ஆயுள் முழுக்க ஒரு பூவைக்கூட முகராமல் பெருமாளுக்குக் கொடுத்தவள். அவர் ஒரு வாசனையைத் திருப்பித் தர மாட்டாரா?

அதற்கப்புறம் வந்த சில நாட்கள்தான் அந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்த நாட்கள். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்பா ஏசவில்லை. கோதுமை ரவையை ஒரு பேச்சுப் பேசாமல் சாப்பிட்டார். அடுத்த வருஷ மார்கழிக்குத் தானே கூடை தூக்கப் போவதாகச் சொன்னார். செருப்புப் போடாமலா என்று நான் கேட்டேன், எல்லோரும் சிரித்தோம். அம்மா பூக்கட்டும்போது அவளுக்குத் தெரியாமலே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். காலையில் கட்டைப் பிரிப்பாள், நான் "திராட்சை" என்பேன், அவள் சிரிப்பாள்.

காஸ் துணியில் பச்சையாகக் கறை படியத் தொடங்கியது. அம்மா அதைப் பார்த்துத் தன் விரலைத்தான் திட்டினாள். மரிக்கொழுந்துச் சாறு எங்கே பட்டாலும் ஒட்டும். எலுமிச்சைத் தோலால் நகத்தைத் தேய்த்துக் கழுவினாள். அப்படியும் கறை வந்தது. சிஸ்டர் கொடுத்திருந்த கையுறையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டு மாற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடியில் காய வைப்பாள். இரண்டு கைகள் மட்டும் தனியாகக் கொடியில் ஆடுவதுபோல இருக்கும். மறுநாளும் துணி பச்சையாகத்தான் இருந்தது. கட்டும்போது கையுறை விலகியிருக்கும் என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வைகுண்ட ஏகாதசிக்காக ஊர் நிரம்பியிருந்தது. தெருவுக்குத் தெரு தடுப்புக் கட்டை கட்டிவிட்டார்கள், ஆட்டோ உள்ளே வராது. கடையை ஒருநாள் மூடினால் வாடிக்கை போய்விடும். முன்பென்றால் அம்மா எப்படியாவது போயிருப்பாள். இப்போது பயம் இல்லை. கூட்டம் வடியட்டும், போய் நல்ல செய்தியாகச் சொல்லிவிட்டு வரலாம் என்றாள்.

சொர்க்கவாசல் பார்க்க அத்தை வந்தாள். உப்பிலியபுரத்திலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்தில் நசுங்கி, ஒரு பை நிறையத் தழையோடு வந்து சேர்ந்தாள். அவள் உள்ளே நுழைந்தபோது அம்மா கட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். பிரித்துப் போட்ட துணி தரையில் செய்தித்தாளின்மேல் கிடந்தது. அத்தை அதைக் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இப்பவாவது புத்தி வந்துச்சே! நான் சொன்னப்பவே வச்சிருந்தா இந்நேரம் ஆறியிருக்கும். என்ன தழைம்மா வச்ச, இவ்ளோ பச்சையா இறங்கியிருக்கு?"

"தழை எதுவும் வைக்கலைங்க அண்ணி," என்றாள் அம்மா. "அது என் கைக்கறை. மரிக்கொழுந்து கட்டுற கைதானே."

அத்தை அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன். மணிக்கட்டு வரை வெள்ளைக் கையுறை. அதில் வேறெங்கும் ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை. ஆனால் விரல் நுனி, இப்போதுதான் குழியிலிருந்து வெளியே வந்த அந்த நுனி மட்டும், பச்சையாக இருந்தது.

அத்தை அப்பாவின் காலருகே குனிந்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். எனக்குத் திராட்சையாக இருந்தது, பூவில்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு அழுகலாக இருந்தது. அவள் அதன்பின் அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. கொண்டுவந்த தழைப் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "வண்டி ஏதாச்சும் கிடைக்குமா பாரு," என்றாள்.

எந்த வண்டியும் கிடைக்கவில்லை. பக்கத்துக் குடித்தனக்காரரின் தள்ளுவண்டி இருந்தது. அதில் சாக்கை விரித்து அப்பாவை உட்கார வைத்தார்கள். ஊரே கோயிலை நோக்கி வந்துகொண்டிருந்தது, நாங்கள் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனோம். "ரங்கா, ரங்கா" என்று அலை அலையாகச் சத்தம். அம்மாவும் அத்தையும் வண்டியைத் தள்ளினார்கள். நான் முன்னால் ஓடி, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன். சிலர் வண்டியைத் திட்டினார்கள். சிலர் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றக்கூட மறந்து, அதோடேயே தள்ளினாள். மாம்பழச் சாலை தாண்டித்தான் ஓர் ஆட்டோ நின்றது.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "போன செவ்வாக்கிழமை ஏன் வரல?" என்று கேட்டார்.

"நல்ல வாசனை வந்துச்சுங்க," என்றாள் அம்மா.

டாக்டருக்கு அது புரியவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டருக்குப் புரிந்தது. அவர் அம்மாவின் தோளில் கையை வைத்து, ஒரு வகைக் கிருமி உண்டு, அது வந்தால் பச்சையாக வடியும், பழம் மாதிரி மணக்கும் என்றார்; நாற்றம் என்று மட்டும் சொல்லி, இதைத் தான் சொல்லாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அம்மா தலையாட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முகர்ந்ததைத்தான் சொன்னேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். அன்றைக்கும் சரி, பிறகும் சரி, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்," என்றே சொன்னாள். இல்லை என்று மறுத்துச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்பா கண் விழித்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் கையில ராசி இல்ல," என்றார். அம்மா அவருக்கு இளநீர் கூடாது என்பதால் வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளருக்கும் லோட்டாவுக்கும் இடையே தண்ணீர் நீளமாக விழுந்துகொண்டே இருந்தது, ஆறிய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. புண் இருந்த காலே போய்விட்டது. இனிமேல் குழி இல்லை, தரையில் ரத்தப் பொட்டு இல்லை. வெட்டிய இடத்துத் தையல் ஆறிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் ஆடுவதைப் பார்க்க இந்தத் தடவை அம்மா வந்துவிடுவாள். பஸ்ஸில் நின்றுகொண்டு தூங்க மாட்டாள். இதை அம்மாவிடம் சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் சிஸ்டர் அம்மாவை அழைத்துத் தனியாக ஏதோ பேசினார். அம்மா ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். ஆட்டோவில் அப்பாவைச் சீட்டில் குறுக்காகச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அம்மா மறுகோடியில் ஒடுங்கிக்கொண்டு, அவருடைய இன்னொரு காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், நடுவில் தடவினாள், உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள், கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனாள். அம்மா அப்பாவை அப்படித் தொட்டு நான் பார்த்ததே இல்லை. கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. சண்டையெல்லாம் தீர்ந்துவிட்டது, இருவரும் சேர்ந்துவிட்டார்கள்.

குதிகாலின் ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல் நின்றது. கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. "இங்க தொட்டா தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

"எங்க?" என்றார் அப்பா, ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா கட்டைவிரலை அங்கேயே வைத்து இன்னும் அழுத்தினாள். அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று நான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.